சப்பரத்துக்கென்று போட்ட பதினெட்டு ஓட்டைகள்

எனக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து பொழுது சாயும்வரை நின்று, லாரியின் வில் பட்டை இரும்பில் பதினெட்டு ஓட்டைகள் போட்டேன். போட்டேன் என்று சொல்வது பாதிதான் உண்மை. மற்ற பாதியைப் போட்டவன் சவரிமுத்து. அந்த ஓட்டைகள் எதற்கு என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது நான். நெடுங்காலம் இந்தக் கதையை ஒரு சாமர்த்தியக் கதையாகவே எல்லோரிடமும் சொல்லிவந்தேன். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திய முப்பது வருஷமும் கடின இரும்பைத் துளைக்கும் முறையைச் சொல்லும்போதெல்லாம், சின்ன வயதில் நானே கண்டுபிடித்தது என்று மாணவர்களிடம் பெருமையடித்திருக்கிறேன். இப்போது நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கூத்தாநல்லூருக்குத் தெற்கே, சைக்கிளில் அரைமணி தூரம். நாங்கள் வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். அப்பாவுக்கு இரண்டு வேலி நிலம் இருந்தது. கோட்டையில் கதர் போய்க் கரைவேட்டி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. உழுகிறவனுக்கு இனி நல்ல காலம் என்று சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள். சுவரில் இருந்தது வயலுக்கு இறங்கி வரவில்லை. அதனால் அந்த ஆனி மாதம், வாய்க்காலில் தண்ணீர் வந்த மறுநாளே, கீழத்தெருக்காரர்கள் வாய்க்கால் பாலத்தருகே கொடி நட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஏர் பிடிக்கிற ஆண்களும் நடவுக்கு இறங்குகிற பெண்களும் ஒன்றாக. கூலி நெல்லில் நாளைக்கு அரைப்படி கூட வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. கீழத்தெருவிலும் பாதிப்பேர் வேதக்காரர்கள். ஒரே கோயில், ஒரே பூசை, உட்காரும் இடம் மட்டும் வேறு. நடவுப் பெண்களின் சார்பில் நிலக்காரர்களிடம் வந்து பேசியவர் சவரிமுத்துவின் அம்மா. கணவர் இல்லாதவர். குரலை உயர்த்தாமல் பேசுவார். அதனாலேயே நிலக்காரர்களுக்கு அவரைப் பிடிக்காது.

அப்பா முந்திய வருஷம் கடனில் டிராக்டர் வாங்கியிருந்தார். ஊரில் அதுதான் முதல் டிராக்டர். ஏர் ஓட்ட ஆள் வராவிட்டால் போகட்டும், நடவை வெளியூர் ஆட்களை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், முதலில் உழுதுவிடுவோம் என்று இறங்கினார். மூன்று நாள்தான் ஓடியது. டிராக்டரின் பின்னால் மாட்டுகிற ஒன்பது கால் கலப்பையின் கொழுக்கள் ஏற்கெனவே தேய்ந்திருந்தன. அவை மழுங்கி, மண்ணைக் கிழிக்காமல் வழுக்க ஆரம்பித்தன. கொழு என்பது கலப்பைக் காலின் நுனியில் இரண்டு போல்ட் போட்டு முடுக்குகிற இரும்புத் துண்டு. அது இல்லாத டிராக்டர் ஊர்வலம் போகலாம், உழ முடியாது.

மன்னார்குடிக் கடையில் புதுக் கொழு வரப் பத்து நாளாகும் என்றார்கள். கூத்தாநல்லூரில் பழைய இரும்பு வியாபாரம் செய்த பாய் ஒரு வழி சொன்னார். லாரியின் பழைய வில் பட்டையைத் துண்டு போட்டால் கடைக் கொழுவைவிட நன்றாக உழைக்கும் என்று, காஸ் வைத்து ஒன்பது துண்டுகள் அறுத்தும் கொடுத்தார். அதோடு அவரிடமிருந்த காஸ் தீர்ந்துவிட்டது. ஓட்டையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். எங்கள் ஊர்க் கொல்லரிடம் கொண்டுபோனபோது, உலையில் கரி இல்லை என்றார். கரி இருந்தது. ஆனால் உலைக்கு எதிரே பாலமும் கொடியும் இருந்தன.

வீட்டுக் கொல்லையில், மாட்டுக் கொட்டகையை ஒட்டி, அப்பா ஒரு சின்னப் பட்டறை வைத்திருந்தார். ஏலத்தில் எடுத்த ஒரு டிரில் மெஷின், தூணோடு பிணைத்தது, கையால் சக்கரம் சுற்றவேண்டும். இரும்பை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ். கையால் சுற்றுகிற ஒரு சாணைக்கல். அரங்கள், சுத்தியல்கள். அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா முதல் துண்டை மெஷினில் பிடித்து ஓட்டை போட ஆரம்பித்தார். நான் சக்கரம் சுற்றினேன். கீச்சென்று ஒரு சத்தம் வந்தது, புகை வந்தது, இரும்புச் சுருள் வரவில்லை. துளைக்கிற பிட்டை எடுத்துப் பார்த்தால் நுனி நீலம் பாய்ந்து உருண்டு போயிருந்தது. இரும்பில் ஒரு பொட்டு மட்டும் கண்ணாடி போலப் பளபளத்தது. வில் இரும்பு அப்படித்தான். வளைந்து வளைந்து நிமிர்வதற்காகவே பழுக்கக் காய்ச்சிக் குளிரவைத்துக் கடினப்படுத்திய இரும்பு. அவசரப்பட்டுச் சுற்றினால் உரசலில் இன்னும் இறுகிக்கொள்ளும். வீட்டிலிருந்த ஐந்து பிட்டுகளில் மூன்றை அப்பா அன்றே அந்த இரும்புக்குத் தின்னக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் சொன்னார்.

“திங்கக்கிழமை அவங்களைக் கூப்பிட்டுப் பேசிடறேன். அரைப்படிதானே. பம்புத் தண்ணியில விட்ட நாத்து முத்திப்போனா நமக்குத்தான் கேடு.”

“அதுதான் நல்லது” என்றாள் அம்மா. “அந்தப் பொம்பளையும் நியாயமாத்தான் பேசுது.”

அப்பா இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் முகத்தில் வருத்தம் இல்லை; முள்ளை எடுத்த மாதிரி ஒரு நிம்மதிதான் இருந்தது. இதை இப்போது நினைவுபடுத்திப் பார்க்கும்போதுதான் சொல்ல முடிகிறது. அன்றைக்கு என் காதில் விழுந்தது ஒன்றுதான். அப்பா தோற்றுவிட்டார், ஒரு இரும்புத் துண்டிடம் தோற்றுவிட்டார். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியப்போகிறது. அதை நடக்கவிடக் கூடாது என்று சாப்பாட்டுத் தட்டின்முன் உட்கார்ந்தபடியே முடிவு செய்தேன்.

சனிக்கிழமை விடியற்காலை, நாகப்பட்டினத்தில் ஒரு துக்கத்துக்கென்று அப்பா கிளம்பிப்போனார். ஞாயிறு ராத்திரிதான் திரும்புவார். அவர் தலை மறைந்ததும் பட்டறைக்குள் போனேன். மெதுவாகச் சுற்றினால் ஆகும் என்று எனக்கு ஒரு எண்ணம். முழு உடம்பையும் கொடுத்து அமுக்கிக்கொண்டு சுற்றியதில் நாலாவது பிட் இரண்டாக முறிந்து ஒரு பாதி தரையில் துள்ளியது. ஒரே ஒரு பிட்தான் மிச்சம். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஞானோபதேச வகுப்புக்குப் போனேன்.

கோயில் பின்பக்கத்து வேப்பமரத்தடியில் வகுப்பு. மேலத்தெருப் பிள்ளைகள் முன்னால், கீழத்தெருப் பிள்ளைகள் பின்னால். சவரிமுத்து பள்ளிக்கூடத்திலும் என் வகுப்புத்தான். கும்பகோணத்தில் லாரிக்கு வில் கட்டுகிற பட்டறை ஒன்றில் அவனுடைய மாமா வேலை பார்த்தார். கோடை விடுமுறைக்கு அங்கே போய் வந்ததிலிருந்து லாரியைப் பற்றித்தான் பேச்செல்லாம். வகுப்பு முடிந்ததும் அவனைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய் முறிந்த பிட்டைக் காட்டினேன். கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“பச்சையாவே குத்தினியா? நீ சுத்துனா அது சிரிக்கும்டா. அதைச் சுட்டு, தூங்க வைக்கணும். தூங்கி எந்திரிச்சாதான் அது நம்ம பேச்சைக் கேக்கும்.”

செம்பருத்திப் பூ நிறம் வரும்வரை நெருப்பில் வைக்க வேண்டும். காந்தத்தைக் காட்டினால் ஒட்டக்கூடாது. அந்தப் பக்குவத்தில் எடுத்து உமிச்சாம்பலில் புதைத்து, மறுநாள்வரை தொடாமல் விட வேண்டும். மெதுவாக ஆறினால் இரும்பு இளகிவிடும். அப்புறம் வெண்ணெய்தான் என்றான். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் கேட்டான்.

“ஆமா, எதுக்கு ஓட்டை?”

கொழுவுக்கு என்று சொன்னால் அந்த இடத்திலேயே போய்விடுவான் என்று எனக்குத் தெரியும். அவன் அம்மா ஒரு வாரமாகப் பாலத்தடியில் உட்கார்ந்திருந்தார். என் கண்ணுக்கு நேராகக் கோயில் கொட்டகை இருந்தது. அதற்குள் திருவிழாச் சப்பரத்தின் மரச் சக்கரங்கள் தெரிந்தன. எங்கள் கோயிலின் சந்தியாகப்பர் திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த வருஷத் திருவிழாப் பொறுப்பு அப்பாவுடையது.

“சப்பரத்துக்கு” என்றேன். “சக்கரத்துல பட்டை அடிக்கணும். சேத்துல புதையாம இருக்கறதுக்கு.”

அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். எங்கள் ஊர்ச் சப்பரம் வாய்க்கால் பாலம்வரை வந்து, கீழத்தெருவுக்குள் இறங்காமல் திரும்பிவிடும். கேட்டால், அந்தத் தெரு சேறு, சக்கரம் புதைந்துவிடும் என்பார்கள். அவன் தாத்தா காலத்திலிருந்து அதே சேறு, அதே பதில். கீழத்தெருக்காரர்கள் பாலத்துக்கு வந்து நின்று சாமியைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

“அப்ப எங்க தெருவுக்கு வருமா?”

“வரும்.”

“மெய்யாவா?”

“அப்பாவே சொன்னாங்க.”

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. வாயிலிருந்து தானாக வந்தது. ஆனால் வந்த பிறகு, அது நன்றாக வேலை செய்வதைப் பார்த்தேன். திருப்பி எடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

அன்று மத்தியானமே அவன் வந்தான். கொல்லைக் கதவருகில் நின்றவனை அம்மா பார்த்து, இந்த நேரத்தில் இவனை ஏன் கூப்பிட்டாய் என்று என்னிடம் கிசுகிசுத்தாள். விளையாட்டுக்கு என்றேன். நெல் அவிக்கிற பெரிய அடுப்பில் கொட்டாங்கச்சிக் கரியைக் குவித்துப் பற்றவைத்தோம். ஒரு பழைய பம்பு குழாயை அடுப்பின் வாயில் செருகி மாற்றி மாற்றி ஊதினோம். துண்டு முழுவதையும் சுடக்கூடாது, ஓட்டை வருகிற தலைப்பக்கம் மட்டும் சுட்டால் போதும் என்று சவரிமுத்து சொன்னான். நுனி கடினமாகவே இருக்கட்டும், தேயாது என்றான். சப்பரச் சக்கரத்துக்கு நுனி எது, தலை எது என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, எதையாவது சொல்லியிருப்பேன். நுனிகளை ஈரக் களிமண்ணில் பொதிந்தோம். உடைந்த ரேடியோவிலிருந்து எடுத்த காந்தத்தைக் கம்பியில் கட்டி, சிவந்த இரும்பின்மேல் தொங்கவிட்டுப் பார்த்தோம். ஒட்டாமல் அது சும்மா ஆடியபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒவ்வொரு துண்டாக இடுக்கியால் தூக்கி உமிச்சாம்பல் குழியில் புதைத்தான். குழந்தையைப் படுக்கவைப்பது போல மேலே சாம்பலை மூடினான்.

மறுநாள் முதல் பூசை முடிந்ததும் பட்டறையில் இருந்தோம். குழியைக் கிளறியபோது சாம்பலுக்குள் இன்னும் கதகதப்பு இருந்தது. முதல் துண்டை எடுத்து அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தான். அரம் பிடித்தது. வழுக்கவில்லை. மெஷினில் பூட்டப்போகும்போது சட்டென்று கையை எடுத்துக்கொண்டான்.

“இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. வேலை செஞ்சா பாவம்.”

“சாமி வேலை பாவமில்ல” என்றேன்.

அவனிடம் சொன்ன மூன்றாவது பொய் அது.

புள்ளி குத்தி, விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, பிட்டை இறக்கினோம். ஒருவன் சக்கரம் சுற்றுவது, ஒருவன் மேலிருந்து திருகி அமுக்குவது. மணல் லாரி பாலத்து மேட்டில் ஏறுகிற வேகத்தில்தான் சுற்ற வேண்டும் என்றான் அவன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பிட்டின் பள்ளத்திலிருந்து ஒரு சாம்பல் நிறச் சுருள், வாழைப்பூ இதழ் மாதிரி, மெதுவாக விரிந்து வெளியே வந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பட்டறைகளில் எத்தனையோ சுருள்களைப் பார்த்துவிட்டேன். அந்த முதல் சுருளைப் போல எதுவும் இல்லை.

ஒரு ஓட்டைக்கு அரைமணிக்கும் கொஞ்சம் குறைவு. இரண்டு ஓட்டைக்கு ஒருமுறை பிட்டைக் கழற்றிச் சாணைக்கல்லில் தீட்டினோம். இருப்பது ஒன்றுதான் என்பதால் அவன் அதைக் கண்ணை இடுக்கிக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு தீட்டுவான். எங்கள் கொல்லைக்குள் வந்ததிலிருந்து என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் பெயரே சொல்லாமல் பேசிக்கொண்டிருந்தவன், நாலாவது ஓட்டைக்கு மேல் எல்லாவற்றையும் மறந்துவிட்டான். “டேய், அமுக்காதடா, அழுவுதுடா அது” என்று என் தலையில் தட்டினான். அம்மா மோர் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு வீட்டு டம்ளரில், அவனுக்குக் கொல்லையில் கவிழ்த்துவைத்திருக்கும் அலுமினியக் குவளையில். இருவரும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு மறுபடி சக்கரத்தைப் பிடித்தோம்.

மத்தியானத்துக்குமேல் ஒரு துண்டு கீச்சிட்டது. உடனே சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிட்டான். அது சரியாகச் சுடவில்லை, இன்னும் முழித்துக்கொண்டிருக்கிறது என்றான். அதைத் திரும்பவும் அடுப்பில் போட்டு, சாம்பலில் புதைத்து, கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினோம். என் உள்ளங்கையில் கொப்புளம் எழும்பி உடைந்தது. அவன் கையிலும் உடைந்தது. துணி சுற்றிக்கொண்டோம். விட்டுவிடலாம் என்று இருவருமே நினைக்கவில்லை. எனக்கு அப்பா. அவனுக்குச் சப்பரம். சப்பரம் அவர்கள் தெரு முனையில் இறங்கும்போது யார் முன்னால் நின்று இழுப்பது, அவன் வீட்டு வாசலில் எவ்வளவு நேரம் நிற்கும், அவன் அம்மா என்ன மாலை போடும் என்று சுற்றிக்கொண்டே பேசினான். நேற்றே அம்மாவிடம் சொல்லிவிட்டதாகவும், அம்மா அதைத் தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டதாகவும் சொன்னான். நான் சக்கரத்தை நிறுத்தினேன். ஆனால் இன்னும் ஐந்து ஓட்டை பாக்கியிருந்தது.

சாயங்கால மணி அடிக்கும்போது பதினெட்டாவது ஓட்டையில் பிட் அடிப்பக்கம் எட்டிப்பார்த்தது. ஒதுக்கிவைத்த அந்தத் துண்டுதான், இன்னும் சூடு போகாதது. சவரிமுத்து அதன் வழியாக ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தான்.

திங்கட்கிழமை காலை அப்பா பட்டறைக்குள் வந்து, பலகையில் வரிசையாக வைத்திருந்த ஒன்பது துண்டுகளையும் பார்த்தார். ஒன்றை எடுத்து, ஓட்டைக்குள் சுண்டு விரலை விட்டுப் பார்த்தார்.

“யாருடா போட்டது?”

“நான்தான்” என்றேன்.

என் கைகளைத் திருப்பிப் பார்த்தார். தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். அவ்வளவுதான். அந்த அழுத்தத்துக்காக அன்றைக்கு நான் இன்னொரு நூறு ஓட்டை போட்டிருப்பேன். கூப்பிட்டுப் பேசுவதைப் பற்றி அப்பா அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் கொழுக்களை முடுக்கி, என்னைத் தூக்கி டிராக்டரின் மட்கார்டில் உட்காரவைத்து, வயலுக்குக் கிளம்பினார்.

வயலுக்குப் போகிற வழி வாய்க்கால் பாலம்தான். கொடியருகே எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். டிராக்டர் மெதுவாக ஏறியது. பின்னால் தூக்கிவைத்த கலப்பையில் ஒன்பது கொழுக்களும் வெயிலில் மின்னின. சவரிமுத்து அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நான் கை அசைத்தேன். அந்த நேரத்தில் சப்பரம் எனக்கு ஞாபகமே இல்லை. நாம் இருவரும் போட்ட ஓட்டை, எப்படி நிற்கிறது பார் என்றுதான் அசைத்தேன். அவன் கொழுக்களைப் பார்த்தான். அவன் அம்மா அவனைப் பார்த்தார். பிறகு அங்கிருந்த மற்றவர்களெல்லாம், ஒருவர் பின் ஒருவராக, அவன் அம்மாவைப் பார்த்தார்கள்.

மறுநாள் மத்தியானம், அப்பா வயலில் இருந்த நேரம், அவன் அம்மா எங்கள் கொல்லைக் கதவுக்கு வந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பாட்டுக்கு வந்த நான் மட்டும் பட்டறையில் இருந்தேன். உள்ளே வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, ஒரு சேதி கேக்கணும். சப்பரத்துக்குன்னு நீங்கதான் சொன்னீங்களா?”

தலையை ஆட்டினேன்.

“அப்ப எம்புள்ள பொய் சொல்லல. தெருவுல யாரும் நம்ப மாட்டேங்குறாங்க தம்பி. நான்தான் ரகசியமா உங்க வீட்டுல பேசி வச்சிக்கிட்டு, சப்பரம்னு கதை கட்டிவிட்டு, பையனை வேலைக்கு அனுப்புனேன்னு பேசறாங்க. உழவு போனா போவுது, டிராக்டரு நாத்தைப் புடுங்கி நடாது. நாங்க சேந்து நின்னா இன்னிக்கும் நிக்கலாம். ஆனா என் பின்னால நிக்க இப்ப ஆளு பயப்படுது. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. அவனுக்குத் தெரியாது, நான்தான் சப்பரம்னு சொன்னேன்னு. அது போதும். உங்க அப்பாருகிட்ட நான் எதுவும் சொல்லல.”

“வர்றேன்” என்றேன்.

“எப்ப தம்பி?”

“நாளைக்கு.”

புதன்கிழமை நான் போகவில்லை. வியாழக்கிழமையும் போகவில்லை. போனால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அவர் பெயரைச் சொல்லிச் சப்பரத்தைக் கீழத்தெருவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று தெரியும். ஓட்டைகளை நான் தனியாகப் போடவில்லை என்பதும் தெரியும். எது பெரிய பயம் என்று இப்போது கேட்டால், இரண்டாவதுதான். ஆனால் சும்மாவும் இருக்க முடியவில்லை. இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தே தீருவது என்று, கொழுவுக்கு யோசித்த அதே பிடிவாதத்தோடு யோசித்தேன். வழி கிடைத்தது. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குவது.

அதற்குள் வெள்ளிக்கிழமையே எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு பேர், நாலு பேர் என்று நடவுப் பெண்கள் பழைய கூலிக்கே வயலில் இறங்கினார்கள். சவரிமுத்துவின் அம்மாவும் வந்து வரப்பில் நின்றாராம். பக்கத்தில் நிற்க எந்தப் பெண்ணும் சம்மதிக்கவில்லை. அப்பாவும், தொல்லை பண்ணின ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இதை அம்மா அடுப்படியில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அம்மாவின் குரலில் சந்தோஷம் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கோயிலில் வரிசையில் நின்று, முறை வந்ததும் மண்டியிட்டேன். வெக்கை. திரைக்கு அப்பால் சாமியார் விசிறிக்கொண்டிருந்த ஓலை விசிறியின் சத்தம் கேட்டது.

“பொய் சொன்னேன் சாமி.”

“எத்தனை தடவை?”

“மூணு தடவை.”

அவனிடம் சப்பரத்துக்கு என்றது ஒன்று. தெருவுக்கு வரும் என்றது ஒன்று. ஞாயிற்றுக்கிழமையில் பாவமில்லை என்றது ஒன்று. சரியாக எண்ணித்தான் சொன்னேன். அம்மாவிடம் விளையாட்டுக்கு என்றதையும், அப்பாவிடம் “நான்தான்” என்றதையும், அந்த அம்மாளிடம் “நாளைக்கு” என்றதையும் நான் சேர்க்கவில்லை. மறைக்கவில்லை, அவை பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை. யாரிடம் பொய் சொன்னாய், அதனால் யாருக்கு என்ன ஆயிற்று என்று சாமியார் கேட்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பையனின் பொய்யில் அப்படி என்ன இருந்துவிடப்போகிறது. மாதாவுக்கு மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். பீடத்தின் முன் மண்டியிட்டு, ஒரு சொல்லும் விடாமல், நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். எழுந்தபோது உடம்பு லேசாகிவிட்டிருந்தது. பாரம் இறங்கும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இறங்கித்தான் இருந்தது.

உடனே சவரிமுத்துவிடம் சொல்ல வேண்டும் என்று ஓடினேன். அவர்கள் தெருவுக்கே போகத் துணிந்துவிட்டேன். போக வேண்டியிருக்கவில்லை. சாலையில் பஸ் நிற்கிற புளியமரத்தடியில் அவனும் அவன் அம்மாவும் நின்றார்கள். ஒரு தகரப் பெட்டி, இரண்டு மூட்டை. கோடியக்கரைப் பக்கம் உப்பளத்தில் அம்மாவின் தங்கச்சி வேலை செய்வதால் அங்கே போவதாக அவன் சொன்னான். கையில் இன்னும் துணி சுற்றியிருந்தது. அதை என்னைப் பார்க்காமல், சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“நான் சொல்லிட்டேன்” என்றேன். ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது.

சட்டென்று திரும்பினான். “தெருவுலயா?”

“சாமியார்கிட்ட. எல்லாத்தையும் சொல்லிட்டேன். மூணு மந்திரம் குடுத்தாரு. சொல்லியாச்சு. இப்ப ஒண்ணும் இல்ல.”

அவன் என்னை அல்ல, தன் அம்மாவைப் பார்த்தான். அவர் மூட்டையின் முடிச்சை ஒருமுறை இழுத்துச் சரிபார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். கோபம் எதுவும் இல்லை. எங்கள் வீட்டுக்குக் கூலி வாங்க வரும் நாள்களில் பேசுகிற அதே குரல்தான்.

“நல்லது தம்பி” என்றார். “பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்குப் போங்க. அம்மா தேடுவாங்க.”

எவ்வளவு நல்ல அம்மாள், ஒரு வார்த்தை திட்டவில்லையே என்று நினைத்தேன். அவர் கேட்ட காரியத்தைச் செய்து முடித்துவிட்டதாகவே நம்பினேன். பஸ் வருவதற்குக்கூட நிற்கவில்லை. அந்த ‘நல்லது’ என்ற சொல்லை வாங்கிக்கொண்டு, வேலை முடிந்தவனைப் போலக் கையை வீசிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.